பாக்டீரியப் புறப்பரப்பில் பெப்டைடு காட்சிப்படுத்தல்

பாக்டீரியப் புறப்பரப்புக் காட்சிப்படுத்தல் என்பது, ஒரு பெப்டைடையோ புரதத்தையோ உயிருள்ள பாக்டீரியாவின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும்படி மரபணுப் பொறியியல் மூலம் அமைக்கும் நுட்பம் ஆகும். காட்டப்பட வேண்டிய பெப்டைடுக்குரிய டி.என்.ஏ துண்டு, பாக்டீரியாவின் வெளிப்படலத்தில் இயல்பாகவே அமைந்திருக்கும் ஒரு புரதத்தின் மரபணுவுக்குள் செருகப்படுகின்றது. அம்மரபணுவிலிருந்து உருவாகும் இணைப்புப் புரதம் தன் வழக்கமான பாதையில் வெளிப்படலத்தை அடையும்போது, செருகப்பட்ட பெப்டைடையும் உடன் கொண்டுசென்று வெளியே நீட்டுகின்றது. இவ்வாறு சுமந்து செல்லும் புரதம் தாங்கிப் புரதம் எனப்படும். இந்நுட்பத்தில் மிகுதியாகப் பயன்படும் உயிரி எசரிக்கியா கோலை (ஈ. கோலை) ஆகும்.

பெப்டைடு என்பது சில முதல் சில பத்து வரையான அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலி. பெப்டைடு வெளியே தெரிகின்றது. அதை எழுதிய மரபணுவோ அதே உயிரணுவின் உள்ளே இருக்கின்றது. நுட்பத்தின் அடிப்படைப் பயன் இதுவே. கோடிக்கணக்கான வெவ்வேறு பெப்டைடுகளிடையே விரும்பிய ஒரு பொருளைப் பற்றிக்கொள்ளும் பெப்டைடு எது என்று தேடும்போது, அகப்பட்ட உயிரணுவை வளர்த்து அதன் டி.என்.ஏ வரிசையைப் படித்தால் பெப்டைடின் வரிசை தெரிந்துவிடும். சோதனைக்குழாயில் கலந்து கிடக்கும் பெயரற்ற பெப்டைடுகளில் இவ்வசதி இல்லை.

வெளிப்படலமும் அதன் புரதங்களும்

ஈ. கோலை போன்ற கிராம்-எதிர் பாக்டீரியாக்களுக்கு இரண்டு படலங்கள் உண்டு. உட்படலத்துக்கும் வெளிப்படலத்துக்கும் இடையிலுள்ள பகுதி பெரிப்பிளாசம் எனப்படும். மெல்லிய பெப்டிடோகிளைக்கான் சுவர் இப்பகுதியிலேயே உள்ளது. வெளிப்படலத்தின் உட்புற அடுக்கு பாஸ்போலிப்பிடுகளாலும், வெளிப்புற அடுக்கு பெரும்பாலும் லிப்போபாலிசாக்கரைடு என்னும் கொழுப்பு-சர்க்கரைச் சேர்மத்தாலும் ஆனது.

வெளிப்படலத்தைக் குறுக்கே ஊடுருவி நிற்கும் புரதங்கள், உட்படலப் புரதங்களைப் போல் சுருள் வடிவில் அமைவதில்லை. பீட்டா இழைகள் பல பக்கம் பக்கமாக நின்று, கடைசி இழை முதல் இழையோடு சேர்ந்து, பலகைகளால் கட்டிய பீப்பாய் போன்ற வடிவம் பெறுகின்றன. இவை பீட்டா பீப்பாய்கள் எனப்படுகின்றன. ஓம்ப்-ஏ, ஓம்ப்-எக்ஸ் ஆகியவற்றில் 8 இழைகளும், ஓம்ப்-எஃப் புரதத்தில் 16 இழைகளும், லாம்-பி புரதத்தில் 18 இழைகளும், இரும்பு உட்கொள்ளலுக்கான எஃப்எச்யூ-ஏ புரதத்தில் 22 இழைகளும் உள்ளன. 'ஓம்ப்' என்பது வெளிப்படலப் புரதம் என்பதன் ஆங்கிலத் தலைப்பெழுத்துக்களே. அதனால் ஒத்த பெயர் கொண்ட இரு புரதங்கள் நெருங்கிய உறவுடையவை என்று கொள்ளலாகாது. எடுத்துக்காட்டாக, பின்னர்க் குறிப்பிடப்படும் ஓம்ப்-டி ஒரு நொதி ஆகும்.

இப்பீப்பாய்களில் ஓர் ஒழுங்கு உண்டு. அடுத்தடுத்த இழைகளைப் பெரிப்பிளாசப் பக்கத்தில் இணைக்கும் திருப்பங்கள் குட்டையானவை. வெளிப்பக்கத்தில் இணைக்கும் வளையங்கள் நீளமானவை. இனத்துக்கு இனம் மிகவும் வேறுபடுபவை. பீப்பாய் நிலைத்து நிற்பதற்கு வெளிவளையங்களின் வரிசை இன்றியமையாததன்று. எனவே அங்கே அயலான ஒரு வரிசையைச் செருகினாலும் பீப்பாய் பெரும்பாலும் சரியாகவே மடிகின்றது. இக்காட்சி முறை முழுவதும் இயற்கை தந்த இச்சலுகையின் மேல் நிற்கின்றது எனலாம்.

ஓம்ப்-ஏ ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறத்தாழ ஒரு இலட்சம் படிகள் காணப்படும் மிகுதியான புரதம். அதன் 325 அமினோ அமிலங்களில் முதல் 170 அளவில் பீப்பாயாக அமைய, எஞ்சிய பகுதி பெரிப்பிளாசத்தில் இருந்து பெப்டிடோகிளைக்கானைப் பற்றுகின்றது. இப்பீப்பாயின் முப்பரிமாண அமைப்பு 1998-இலும் ஓம்ப்-எக்ஸ் புரதத்தின் அமைப்பு 1999-இலும் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் மூலம் வெளியிடப்பட்டன.

பெப்டைடு வெளியே செல்லும் வழி

தாங்கிப் புரதம் சைட்டோபிளாசத்தில் உருவாகும்போது அதன் தொடக்கத்தில் 20 அமினோ அமிலங்கள் அளவிலான குறிப்பு வரிசை ஒன்று இருக்கும். அஞ்சல் உறையின் முகவரிக்கு இதனை ஒப்பிடலாம். இதனைக் கண்டறிந்து, உட்படலத்திலுள்ள செக் என்னும் வாயில் புரதத்தை மடியாத சங்கிலியாகவே பெரிப்பிளாசத்துக்குள் செலுத்துகின்றது. அங்கே குறிப்பு வரிசை வெட்டி நீக்கப்படுகின்றது. சுர்-ஏ, ஸ்க்ப் போன்ற துணைப் புரதங்கள் சங்கிலி தாறுமாறாகச் சுருண்டுவிடாமல் காத்து வெளிப்படலம் வரை கொண்டுசேர்க்கின்றன. வெளிப்படலத்திலுள்ள பாம் என்னும் புரதத் தொகுதி அதனைப் பீப்பாயாக மடித்துப் படலத்தில் பொருத்துகின்றது. இத்தொகுதியின் மையப் புரதத்தின் பங்கு 2003-இலும், ஈ. கோலையில் தொகுதியின் பிற உறுப்புகள் 2005-இலும் வெளியாயின. அதாவது, காட்சிப்படுத்தல் முறை நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதன் முக்கியப் பகுதி விளங்கியது.

இப்பாதை விதிக்கும் கட்டுப்பாடு ஒன்று கவனிக்கத்தக்கது. பெரிப்பிளாசத்திலேயே விரைந்து இறுக்கமாக மடிந்துவிடும் பெரிய புரதம் ஒன்றைச் செருகினால் அது வெளிப்படலத்தைக் கடப்பது கடினம். வழியில் தேங்கும் புரதங்களை டெக்-பி போன்ற புரதச்சிதைப்பு நொதிகள் அழித்துவிடுகின்றன. குறும்பெப்டைடுகளுக்கு இச்சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. வெளிப்படலப் புரதங்கள் குறிப்பாகப் பெப்டைடுக் காட்சிக்கு ஏற்றவையாகக் கருதப்படுவது இதனாலேயே.

வரலாறு

1985-இல் அமெரிக்க அறிவியலாளர் ஜார்ஜ் ஸ்மித், இழைவடிவப் பாக்டீரியத் தீநுண்மத்தின் உறைப் புரதத்தில் அயல் பெப்டைடைக் காட்ட முடியும் என்று நிறுவினார். பேஜ் காட்சிமுறை எனப்படும் அம்முறைக்காக அவருக்கும் கிரெகரி வின்ட்டருக்கும் 2018-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி பகிர்ந்தளிக்கப்பட்டது.

பாக்டீரியாவில் முதல் காட்சிப்படுத்தல் அதற்கு அடுத்த ஆண்டே நிகழ்ந்தது. 1986-இல் பாரிசு பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த அலன் சார்பி, மோரிசு ஆப்னுங் முதலானோர் லாம்-பி புரதத்தில் போலியோ தீநுண்மத்தின் சிறு பகுதி ஒன்றைச் செருகினர். லாம்-பி, மால்ட்டோசு சர்க்கரைக்கான நுழைவாயில். லாம்டா என்னும் பாக்டீரியத் தீநுண்மம் உயிரணுவைப் பற்றும் இடமும் அதுவே. இப்பெப்டைடுக்கு எதிரான பிறபொருளெதிரி முழு உயிரணுவையும் பற்றியதால், பெப்டைடு வெளியே தெரிகின்றது என்பது உறுதியானது. ஆய்வின் முதல் நோக்கம் காட்சிப்படுத்தலே அன்று. லாம்-பி படலத்தில் எவ்வாறு மடிந்துள்ளது, அதன் எப்பகுதி வெளியே இருக்கின்றது என்று அறிவதே ஆகும். 1987-இல் அதே குழுவினர் கல்லீரல் அழற்சி-பி தீநுண்மத்தின் பகுதிகளையும் இவ்வாறு காட்டினர். உயிருள்ள பாக்டீரியாவையே தடுப்பு மருந்தாக்கும் எண்ணம் இதிலிருந்து வளர்ந்தது.

வளையத்தில் முழுப் புரதங்களைச் செருகுவது எளிதாக இல்லை. இதற்கு 1992-இல் டெக்சாசு பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஜார்ஜியூ குழுவினர் வேறொரு வழி கண்டனர். ஓம்ப்-ஏ பீப்பாயின் எட்டு இழைகளில் ஐந்தை மட்டும், அதாவது 46 முதல் 159 வரையான அமினோ அமிலங்களை, எடுத்துக்கொண்டனர். அதன் முன்னே லிப்போபுரதம் ஒன்றின் குறிப்பு வரிசையையும் முதல் ஒன்பது அமினோ அமிலங்களையும் சேர்த்தனர். முழு ஓம்ப்-ஏ புரதத்தில் இழைகள் இரட்டைப்படை எண்ணில் இருப்பதால் சங்கிலியின் இரு முனைகளும் பெரிப்பிளாசத்திலேயே முடிகின்றன. ஐந்து இழைகளோடு நிறுத்தினால் முனை வெளிப்பக்கத்தில் முடியும். அம்முனையில் பீட்டா-லாக்டமேசு என்னும் நொதியை இணைத்து வெளியே நிறுத்திக் காட்டினர். 1993-இல் இதே தாங்கியில் பிறபொருளெதிரித் துண்டு ஒன்று காட்டப்பட்டு, ஒளிர்வுசார் உயிரணுப் பிரிப்பு முறையால் அவ்வுயிரணுக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

ஓம்ப்-எக்ஸ்: முனைகளை இடம்மாற்றுதல்

ஜார்ஜியூவிடம் பயின்ற பேட்ரிக் டாவர்ட்டி, பின்னர்க் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் இம்முறையைப் பெப்டைடு நூலகங்களுக்கு ஏற்றதாக வளர்த்தார். 2004-இல் இவருடைய குழு ஓம்ப்-ஏ வளையத்தில் 15 அமினோ அமில நீளமுள்ள பெப்டைடுகளைக் கொண்ட, 5,000 கோடி உறுப்பினருடைய நூலகத்தை வெளியிட்டது.

வளையத்தில் செருகும் முறையில் ஒரு குறை உண்டு. பெப்டைடின் இரு முனைகளும் பீப்பாயோடு பிணைந்திருக்கின்றன. வளைந்த நிலையில் நன்றாகப் பற்றும் பெப்டைடு, பின்னர்த் தனியே செயற்கை முறையில் தயாரிக்கப்பட்டு நேராகக் கிடக்கும்போது பற்றாமல் போகலாம். பெப்டைடின் ஒரு முனையாவது விடுபட்டு இருப்பது நல்லது. ஆனால் ஓம்ப்-எக்ஸ் புரதத்தின் இயல்பான இரு முனைகளும் பெரிப்பிளாசத்தில், படலத்தின் தவறான பக்கத்தில் இருக்கின்றன.

இதற்கான தீர்வு 2006-இல் வெளியானது. ஒரு பூச்சரத்தின் இரு முனைகளையும் முடிச்சிட்டு மாலையாக்கி, பின்பு வேறோர் இடத்தில் அறுத்தால் அதே பூக்கள் அதே சுற்றுவரிசையில் இருக்கும். முனைகள் மட்டும் இடம்மாறியிருக்கும். அதுபோல, ஓம்ப்-எக்ஸ் புரதத்தின் பழைய முனைகள் நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட சிறு இணைப்பால் சேர்க்கப்பட்டன. வெளிப்புறத்தின் இரண்டாம் வளையத்தில், 53-ஆம் 54-ஆம் அமினோ அமிலங்களுக்கு இடையே சங்கிலி திறக்கப்பட்டது. இது புரதத்தை வெட்டி ஒட்டும் வேலையன்று. மரபணுவின் எழுத்து வரிசையைத் திருத்தி எழுதும் வேலையே ஆகும். இவ்வாறு பெறப்பட்ட புரதத்தின் இரு முனைகளும் வெளியே நீள்கின்றன. இது சிபிஎக்ஸ் எனப் பெயர் பெற்றது. சங்கிலியின் முனைகளை இடம்மாற்றிய பின்னும் பீப்பாய் முன்போலவே மடிகின்றது என்பது, மடிப்பை நிர்ணயிப்பது சங்கிலியின் தொடக்கமும் முடிவும் அல்ல என்பதற்கு நல்ல சான்று.

சிபிஎக்ஸ், இயல்பான ஓம்ப்-எக்ஸ் அளவுக்கு நன்றாக வெளிப்படவில்லை. எனவே அதன் மரபணுவில் தற்செயல் மாற்றங்களைப் புகுத்தி, மிகுதியாக வெளிப்படும் வகையைத் தேர்ந்தெடுத்து, 2008-இல் ஈசிபிஎக்ஸ் என்னும் மேம்பட்ட தாங்கியை வெளியிட்டனர். இதில் ஒரு முனையில் நூலகப் பெப்டைடையும் மறுமுனையில் அளவுகாட்டும் அடையாளப் பெப்டைடையும் ஒருசேரக் காட்டலாம். ஓர் உயிரணு மிகுதியாக ஒளிர்வது பெப்டைடு நன்றாகப் பற்றுவதாலா, அன்றிப் படிகள் மிகுதியாக இருப்பதாலா என்ற ஐயத்தை இந்த இரண்டாம் முனை தீர்க்கின்றது.

நூலகமும் தேர்வும்

நூலகம் என்பது ஒரே தாங்கியில் வெவ்வேறு பெப்டைடுகளைச் சுமக்கும் உயிரணுக்களின் திரள். செயற்கை டி.என்.ஏ தயாரிக்கும்போது ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் உரிய மும்மையின் முதல் இரு இடங்களில் நான்கு எழுத்துக்களுள் எதுவும் வரலாம் என்றும், மூன்றாம் இடத்தில் ஜி அல்லது டி மட்டுமே வரலாம் என்றும் வைக்கப்படுகின்றது. இதனால் மும்மைகள் 64-இலிருந்து 32 ஆகக் குறைகின்றன. 20 அமினோ அமிலங்களும் கிடைக்கின்றன. மூன்று நிறுத்தக் குறிகளில் ஒன்று மட்டும் எஞ்சுகின்றது. அந்த ஒன்றே 15 நீளப் பெப்டைடு நூலகத்தில் ஏறத்தாழ 38 விழுக்காட்டு வரிசைகளைப் பாதியில் நிறுத்திவிடும்.

எண்ணிக்கையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 7 நீளப் பெப்டைடுகளில் சாத்தியமான வரிசைகள் 128 கோடி. இவை அனைத்தும் ஒரு நூலகத்தில் அடங்கும். 15 நீளத்துக்கு இவ்வெண் 33-ஐத் தொடர்ந்து 18 சுழிகள் அளவானது. 5,000 கோடி உயிரணுக்கள் கொண்ட நூலகமும் அவற்றில் 65 கோடியில் ஒரு பங்கையே தொடுகின்றது. ஆகவே நீண்ட பெப்டைடு நூலகத்தில் கிடைப்பது 'மிகச் சிறந்த' பெப்டைடு அன்று, 'போதுமான அளவு நல்ல' பெப்டைடு. முதல் சுற்றில் கிடைத்ததை மீண்டும் சிறிது மாற்றி, இரண்டாம் நூலகம் அமைத்துத் தேடுவது இதனால் வழக்கமாயிற்று.

நூலக மரபணு, அராபினோசு சர்க்கரை சேர்த்தால் மட்டும் செயற்படும் தொடக்கியின் கட்டுப்பாட்டில் பிளாசுமிடில் வைக்கப்படுவது வழக்கம். வளர்ப்பின்போது குளுக்கோசு சேர்த்தால் மரபணு அடங்கியிருக்கும். இது சிறு விவரம் போல் தோன்றினாலும் இன்றியமையாதது. தாங்கிப் புரதத்தை ஓயாது உருவாக்கும் உயிரணு மெதுவாகப் பெருகும். பெப்டைடை இழந்த உயிரணு விரைவாகப் பெருகி நூலகத்தை நிரப்பிவிடும்.

தேர்வின்போது இலக்குப் பொருளுடன் ஒளிரும் சாயம் இணைக்கப்பட்டு உயிரணுக்களோடு கலக்கப்படுகின்றது. ஒளிர்வுசார் பிரிப்புக் கருவியில் உயிரணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியைக் கடக்கின்றன. ஒளிரும் உயிரணுவைச் சுமக்கும் நீர்த்துளி மின்னேற்றம் பெற்று, மின்புலத்தால் விலக்கப்பட்டுத் தனிக் குழாயில் விழுகின்றது. வினாடிக்கு 20,000 உயிரணுக்கள் என்று கொண்டாலும் 5,000 கோடி உயிரணுக்களை ஒருமுறை பார்க்க ஏறத்தாழ 29 நாட்கள் ஆகும். எனவே முதல் சுற்றுகளில் இலக்குப் பொருள் பூசிய காந்த மணிகளால் பற்றும் உயிரணுக்கள் மொத்தமாக இழுத்தெடுக்கப்பட்டு, திரள் சுருங்கிய பின்னரே கருவி பயன்படுத்தப்படுகின்றது.

பேஜ் முறையோடு ஒப்பிடும்போது பாக்டீரியக் காட்சியின் சிறப்பு இங்கேதான் உள்ளது. இழைவடிவத் தீநுண்மம் வழக்கமான பிரிப்புக் கருவி தனித்தனியே காண முடியாத அளவு மெல்லியது. பாக்டீரியாவோ ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் அளவினது, ஆயிரக்கணக்கான படிகளைச் சுமப்பது. பற்றின் வலிமையை உயிரணுவிலேயே அளக்கலாம். தீநுண்மத்தை மீண்டும் தொற்றவைத்துப் பெருக்க வேண்டிய படியும் இல்லை. பிரித்த உயிரணு தானே வளரும். 1997-இல் அறிமுகமான நொதியக் காட்சிமுறையிலும் உயிரணுப் பிரிப்பு இயலும். மெய்க்கருவுயிரிப் புரதங்களை மடிப்பதில் நொதியம் மேலானது. எனினும் டி.என்.ஏ-வை ஏற்கும் திறனில் ஈ. கோலை மிஞ்சுவதால் அதன் நூலகங்கள் பெரியவை.

பயன்பாடுகள்

நொதிகள் எவ்வரிசையை வெட்டுகின்றன என்று அறிவது ஒரு முக்கியப் பயன். 2006-இல் போல்வேரும் டாவர்ட்டியும் வெளியிட்ட முறையில், நூலகப் பெப்டைடின் வெளிமுனையில் ஒளிரும் பொருளைப் பற்றும் அடையாளம் ஒன்று இணைக்கப்பட்டது. நொதி பெப்டைடை வெட்டினால் அடையாளம் கழன்று, உயிரணு மங்கிவிடும். ஆனால் பெப்டைடையே காட்டாத உயிரணுவும் மங்கலாகவே இருக்கும். எனவே நொதி சேர்க்காமல் ஒளிர்வனவற்றையும், நொதி சேர்த்தபின் மங்குவனவற்றையும் மாறிமாறித் தேர்வு செய்ய வேண்டும்.

இவ்விரு வகைத் தேடலும் மருந்தாக்கத்தில் ஒன்றுசேர்ந்தன. புற்றுநோய்க்கு எதிரான பிறபொருளெதிரி நலமான திசுக்களையும் தாக்குவதுண்டு. பற்றுமிடத்தை ஒரு பெப்டைடு முகமூடியால் மூடி, புற்றுக்கட்டியில் மிகுந்துள்ள நொதிகள் வெட்டக்கூடிய இணைப்பால் அம்முகமூடியைக் கட்டினால், மருந்து கட்டியை அடைந்த பின்னரே விழித்தெழும். முகமூடிப் பெப்டைடையும் வெட்டுமிட வரிசையையும் பாக்டீரியக் காட்சி நூலகங்களிலிருந்து கண்டெடுக்கலாம். இதனை வளர்க்க 2008-இல் சைட்டம்எக்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. இவ்வகை மருந்துகள் மனிதரிடம் மருத்துவச் சோதனைகள் வரை சென்றன.

உயிரற்ற பொருள்களைப் பற்றும் பெப்டைடுகளும் தேடப்பட்டன. கோபனேகனில் ஸ்டான்லி பிரவுன் லாம்-பி புரதத்தில் பெப்டைடுகளைக் காட்டி, 1992-இல் இரும்பு ஆக்சைடையும் 1997-இல் தங்கத்தையும் பற்றும் வரிசைகளைக் கண்டறிந்தார். உயிரினங்கள் தங்கத்தைப் பற்றுவதற்கெனப் புரதம் எதையும் பேணி வந்ததில்லை என்பதை எண்ணும்போது இம்முடிவு வியப்புக்குரியது.

சூழல் தூய்மை குறித்த ஆய்வுகளில் 1996-இல் லாம்-பி புரதத்தில் ஹிஸ்ட்டிடின் தொடர் செருகப்பட்ட ஈ. கோலை, காட்மியத்தைப் பன்மடங்கு மிகுதியாகப் பற்றியது. 1997-இல் ஆர்கனோபாஸ்பேட்டுப் பூச்சிக்கொல்லிகளைச் சிதைக்கும் நொதி ஓம்ப்-ஏ தாங்கியில் காட்டப்பட்டது. நொதி உள்ளே இருந்தால் நச்சு படலங்களைக் கடந்து வர வேண்டும். வெளியே இருந்தால் அத்தடை இல்லை. 2000-ஆம் ஆண்டில் மண்வாழ் பாக்டீரியா ஒன்று, உலோகம் பற்றும் புரதத்தை வேறு வகைத் தாங்கி ஒன்றால் காட்டி, காட்மியம் கலந்த மண்ணில் புகையிலை இனச் செடி ஒன்றுக்கு நேரும் பாதிப்பைக் குறைத்தது.

இடர்ப்பாடுகள்

ஓர் உயிரணுவில் ஆயிரக்கணக்கான படிகள் இருப்பது பலமும் பலவீனமும் ஆகும். நான்கு பற்றுமிடங்கள் கொண்ட ஸ்ட்ரெப்டாவிடின் அல்லது இரண்டு கொண்ட பிறபொருளெதிரி இலக்காக இருந்தால், அது ஒரே நேரத்தில் பல படிகளைப் பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு பற்றும் நலிவாக இருந்தும் மொத்தத்தில் உறுதியாகத் தோன்றும். தனிப் பெப்டைடாகத் தயாரித்துச் சோதிக்கும்போது ஏமாற்றமே மிஞ்சும். இதைத் தவிர்க்க ஒற்றைப் பற்றுமிடம் கொண்ட இலக்கும், குறைந்த செறிவும் பயன்படுத்தப்படுகின்றன.

லிப்போபாலிசாக்கரைடின் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் குட்டையான பெப்டைடை மறைத்துவிடக்கூடும். ஆய்வகங்களில் பயன்படும் கே-12 வகை ஈ. கோலை அச்சங்கிலியை இழந்தது என்பதால் அங்கே இச்சிக்கல் தெரிவதில்லை. தடுப்பு மருந்துக்கோ மண்ணுக்கோ ஏற்ற வேறு பாக்டீரியாவுக்கு மாற்றும்போது தலைகாட்டும். வெளிப்படலத்திலேயே அமர்ந்திருக்கும் ஓம்ப்-டி நொதி, லைசின், ஆர்ஜினின் போன்றவை அடுத்தடுத்து வரும் பெப்டைடுகளை வெட்டிவிடும். அந்நொதி இல்லாத வகைகளைப் பயன்படுத்தாவிடில், நூலகத்தில் இருந்தும் தேர்வில் வராத வரிசைகள் பல இருக்கும்.

பெப்டைடைக் கண்டெடுத்தபின் பாக்டீரியாவின் பணி முடிந்துவிடும் பயன்பாடுகள் விரைந்து வளர்ந்தன. பாக்டீரியாவையே மண்ணிலோ நீரிலோ விட வேண்டிய பயன்பாடுகள் பெரும்பாலும் ஆய்வகத்தைத் தாண்டவில்லை. மரபணு மாற்றிய உயிரியைத் திறந்தவெளியில் விடுவதற்கான சட்டக் கட்டுப்பாடுகள் ஒரு காரணம். அங்கே அராபினோசு ஊட்ட ஆளில்லாத நிலையில், பெப்டைடைச் சுமக்கும் பாக்டீரியா சுமக்காத பாக்டீரியாக்களோடு போட்டியிட்டு நிலைக்க வேண்டியிருப்பது மற்றொன்று.